திண்ணையில் அடுப்பு மூட்டாதீர்கள்: கிளஸ்டரில் ஃப்ளூயன்ட்டைக் கண்முன் ஓட்டுவது பற்றி

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் முதுநிலைப் பொறியியல் படிக்கும் மாணவி கேட்டிருக்கிறார். பள்ளத்தூரில் இருக்கும் தம் ஆயா வீட்டின் காற்றோட்டத்தை காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டத்தைக் கணிக்கும் மென்பொருளான ஆன்சிஸ் ஃப்ளூயன்ட்டில் கணக்கிட்டுப் பார்க்கிறார். மெஷ்ஷில், அதாவது வீட்டின் வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்த வலையில், 60 லட்சம் செல்கள். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் கிளஸ்டரில், அதாவது பல கணினிகளை ஒன்றாக இணைத்த தொகுப்பில், அனுமதி கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக உள்ளே போய் ஃப்ளூயன்ட்டைத் திறந்தால், ஒரு சொடுக்குக்கு இருபது வினாடி ஆகிறது. அதற்குள் நிர்வாகியிடமிருந்து கண்டிப்பான ஒரு மின்னஞ்சலும் வந்துவிட்டது. சரி என்று பேட்ச் வேலையாக, அதாவது முறை வரும்போது தானே ஓடும்படி, போட்டால், ஒரு நாள் வரிசையில் காத்துக் கிடந்து, நாற்பதாவது சுற்றிலேயே கணக்கு சிதறி, அதாவது எண்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நின்றுவிடுகிறது. கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்ட வழி உண்டா என்பது கேள்வி.

உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கும் வழியில் இல்லை. 60 லட்சம் செல்லையும் எதிரில் வைத்துக்கொண்டு முழுக் கணக்கும் முடியும்வரை உட்கார்ந்திருக்க முடியாது, உட்காரவும் கூடாது. சிறிய மெஷ், குறைந்த கோர் (செயலியில் கணக்குப் போடும் அலகு), இரண்டு மணி நேரம்: இந்த அளவில் உட்கார்ந்து பிழையைக் கண்டுபிடியுங்கள். பெரிய கணக்கை பேட்ச்சில் விட்டுவிட்டு, ஓடும்போதே அதற்கு அவ்வப்போது கட்டளை கொடுங்கள்.

மின்னஞ்சல் ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் எஸ்எஸ்ஹெச் வழியாகப் போய் நிற்கும் இடம் லாகின் நோடு. அது வீட்டின் திண்ணை. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கோப்புகளைத் திருத்தலாம், வேலையை வரிசையில் போடலாம், போட்ட வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். அங்கே அடுப்பு மூட்டினால் மற்றவர் எப்படி உட்காருவார்? ஐம்பது பேர் ஒரே நேரத்தில் நுழையும் இயந்திரத்தில் நீங்கள் 16 கோரையும் 12 ஜிபி நினைவகத்தையும் பிடித்துக்கொண்டால், அடுத்தவருக்கு ஒரு கோப்புப் பட்டியலைப் பார்க்கக்கூட நேரமாகும். நானும் மாணவனாக இருந்தபோது இதே தவறைச் செய்தேன். மின்னஞ்சல்கூட வரவில்லை, நேரே கணக்கைப் பூட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் மன்னிப்புக் கடிதம் எழுதித்தான் திறந்தது. அப்போது கோபம் வந்தது. பிறகு நானே ஒரு கிளஸ்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தபின், பூட்டியவர் பொறுமைசாலி என்று புரிந்தது.

திண்ணையைத் தாண்டி உள்ளே இருப்பவை கம்ப்யூட் நோடுகள், கணக்கை உண்மையில் ஓட்டும் கணினிகள். நம் ஊர் வளவு வீட்டை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் பிடிபடும். வீடு பொது, முற்றம் பொது, ஆனால் மணமான ஒவ்வொரு மகனையும் 'வேறு வைத்து' அவரவர் அறை, அவரவர் அடுப்பு, அவரவர் சாமான் என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். கிளஸ்டரும் அப்படித்தான். பிரித்துக் கொடுப்பது ஸ்லர்ம் என்னும் மென்பொருள். உங்களுக்கு இத்தனை கோர், இத்தனை நினைவகம், இத்தனை மணி நேரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அதற்குள் நீங்கள் எதைச் சமைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே வேறுபாடு, நேரம் முடிந்ததும் அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அணைத்துவிடுவார்கள். ஸ்லர்ம் புள்ளிக் கணக்கும் வைத்திருக்கிறது. சென்ற வாரம் அதிகம் பயன்படுத்தியவரின் அடுத்த வேலைக்கு முன்னுரிமை குறையும். அதனால் தேவைக்கு மேல் கேட்பதற்கு ஒரு விலை உண்டு.

உள்ளே இடம் கேட்க இரண்டு வழிகள் இருக்கின்றன. கட்டளைகளை ஒலிப்பிலேயே எழுதுகிறேன். 'எஸ்பேட்ச்' என்றால் வேலையை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். முறை வரும்போது தானே ஓடும். 'எஸ்அலாக்' என்றால் இடம் கிடைக்கும்வரை உங்கள் திரை காத்திருக்கும், கிடைத்ததும் அந்த இடம் உங்கள் கைக்கு வரும். பிறகு 'எஸ்ரன்' கட்டளையோடு, முனையத்தைத் திறந்து வைக்கும் பிடிஒய் விருப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால், கம்ப்யூட் நோடுக்குள்ளேயே ஒரு ஷெல் (கட்டளை தட்டும் இடம்) கிடைக்கும். அங்கே ஃப்ளூயன்ட்டைத் திறந்தால் யாரும் மின்னஞ்சல் அனுப்பமாட்டார்கள். எஸ்அலாக் செய்தபிறகு சில கிளஸ்டர்களில் ஷெல் லாகின் நோடிலேயே நின்றுகொண்டிருக்கும். இடம் கிடைத்துவிட்டது என்று நம்பி அங்கேயே ஃப்ளூயன்ட்டைத் தட்டினால், மறுபடியும் திண்ணையில்தான் புகை. தட்டுவதற்கு முன் 'ஹோஸ்ட்நேம்' என்று ஒரு முறை கேட்டு, எந்த இயந்திரத்தில் நிற்கிறீர்கள் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எவ்வளவு கேட்பது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஃப்ளூயன்ட் போன்ற மென்பொருளில் ஒரு கோருக்கு 50 ஆயிரம் முதல் ஒரு லட்சம் செல் வரை கொடுத்தால் நன்றாக ஓடும். அதற்கும் கீழே போனால் கோர்கள் கணக்குப் போடுவதைவிட ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கே அதிக நேரம் செலவிடும். உங்கள் 60 லட்சம் செல்லுக்கு 60 முதல் 120 கோர் நியாயமானது. நினைவகம், இரட்டைத் துல்லியத்தில் (ஒவ்வோர் எண்ணுக்கும் இரு மடங்கு இடம்) பத்து லட்சம் செல்லுக்கு ஏறத்தாழ 2 ஜிபி, அழுத்தத்தையும் வேகத்தையும் ஒன்றாகத் தீர்க்கும் கப்பிள்டு முறை என்றால் இன்னும் கூடுதல். இந்த அளவை நேரடியாக உட்கார்ந்து ஓட்டக் கேட்டால் வரிசையில் ஒரு நாள் நிற்பீர்கள். நள்ளிரவு 2 மணிக்கு இடம் கிடைக்கும், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், 120 கோரும் சும்மா கிடந்து உங்கள் பெயரில் கணக்கு ஏறும்.

அதனால் இதே வீட்டுக்கு 8 லட்சம் செல்லில் ஒரு பரும் மெஷ் செய்துகொள்ளுங்கள். 8 கோர், 8 ஜிபி, 2 மணி நேரம் போதும். இது சீக்கிரம் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்லர்ம் வெறும் வரிசைப்படி ஆளை அனுப்புவதில்லை. பெரிய குடும்பம் ஒன்று இருபது இலைக்குக் காத்திருக்கும்போது, நடுவில் காலியாகும் இரண்டு இலையில் அவசரமாகச் சாப்பிட்டுப் போகிறவரை உட்கார வைப்பார்களே, அது போல பெரிய வேலைக்காக நோடுகள் சேர்ந்துகொண்டிருக்கும் இடைவெளியில் சிறிய வேலைகளைச் செருகிவிடும். ஆனால் இந்த இடைவெளியில் நுழைய வேண்டுமானால் நேரத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று 24 மணி நேரம் எழுதிவைப்பவருக்கு அந்த இலை கிடைக்காது. பல கிளஸ்டர்களில் சோதனைக்கென்றே குறுகிய நேர வரிசை ஒன்று தனியாக இருக்கும். 'எஸ்இன்ஃபோ' தட்டினால் பட்டியலில் தெரியும். அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

இனி அந்த இருபது வினாடி. கிளஸ்டரின் வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, படம் பயணப்படும் வழிதான் பிரச்சினை. எஸ்எஸ்ஹெச்சில் எக்ஸ் விருப்பம் போட்டு ஜன்னலைத் திறந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எக்ஸ் என்னும் அந்த அமைப்பு 1984இல் எம்ஐடியில் பிறந்தது. ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளுக்காக யோசிக்கப்பட்டது. ஒரு பொத்தானை வரைவதற்குக்கூட அங்கிருந்து இங்கே கேட்கும், இங்கிருந்து அங்கே பதில் போகும். ஒரு முறை போய்வர 50 மில்லி வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாளரம் விரிய 400 முறை போய்வந்தால் 20 வினாடி ஆகிவிடுகிறது. இணைய வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் இது குறையாது, ஏனென்றால் சிக்கல் அகலத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. முப்பரிமாணப் படத்தைச் சுழற்றினால் இன்னும் மோசம். எக்ஸ் வழியாக மெஷ்ஷைச் சுழற்றிப் பார்க்க முயல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

மாற்று விஎன்சி. இதில் படம் முழுவதும் கம்ப்யூட் நோடிலேயே வரையப்படும். வரைந்து முடித்த திரையின் பிம்பம் மட்டும் உங்களுக்கு வரும். தூரம் இருந்தாலும் சொடுக்குக்குப் பதில் உடனே தெரியும். எஸ்அலாக் மூலம் கிடைத்த நோடில் விஎன்சி சர்வரைத் தொடங்குங்கள். முதல் திரை என்றால் 5901ஆம் போர்ட்டில் (இணைப்புக்கான எண்ணிட்ட வாயில்) காத்திருக்கும். அந்த போர்ட்டை வெளியிலிருந்து நேரடியாகத் தொட முடியாது, தொட முடியவும் கூடாது. உங்கள் மடிக்கணினியில் எஸ்எஸ்ஹெச்சுக்கு எல் விருப்பம் கொடுத்து ஒரு சுரங்கம் தோண்ட வேண்டும்: இங்கே உள்ள 5901, லாகின் நோடு வழியாக, அந்தக் குறிப்பிட்ட கம்ப்யூட் நோடின் 5901 வரை. பிறகு விஎன்சி பார்க்கும் மென்பொருளில் உங்கள் கணினியின் முகவரியையே, அதாவது லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் போதும். வேறொருவர் ஏற்கெனவே அந்த நோடில் முதல் திரையைத் திறந்திருந்தால் உங்களுக்கு 5902 வரும். சர்வர் தொடங்கும்போது சொல்லும் எண்ணைக் கவனித்து சுரங்கத்தில் அதையே எழுதுங்கள். மாறி எழுதி, 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்ற செய்தியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதில் பாதுகாப்பு பற்றி ஒரு சொல். பழைய விஎன்சி கடவுச்சொல் முறை முதல் எட்டு எழுத்துகளை மட்டுமே பார்க்கும். நீங்கள் இருபது எழுத்தில் வைத்தாலும் மீதிப் பன்னிரண்டும் வீண். அதனால் கடவுச்சொல்லை நம்பாமல் சுரங்கத்தை நம்புங்கள். சர்வரை அந்த நோடுக்குள் மட்டும் கேட்கும்படி லோக்கல்ஹோஸ்ட் விருப்பத்தோடு தொடங்குவது நல்லது. அப்போது சுரங்கமும் நோடுவரை நேரே போக வேண்டியிருக்கும். அதாவது லாகின் நோடு வழியாகத் தாவி, கம்ப்யூட் நோடுக்கே எஸ்எஸ்ஹெச் செய்ய வேண்டும். உங்கள் வேலை ஓடிக்கொண்டிருக்கும் நோடுக்குள் மட்டும் இப்படி நுழையப் பல இடங்களில் அனுமதிப்பார்கள்.

நோடில் கிராஃபிக்ஸ் அட்டை இல்லாவிட்டால் ஃப்ளூயன்ட் சில சமயம் படச்சாளரத்திலேயே திக்கி நின்றுவிடும். தொடங்கும்போது டிரைவர் விருப்பத்தில் ஓப்பன்ஜிஎல்லுக்குப் பதில் எக்ஸ்11 என்று கொடுத்துப் பாருங்கள். மெதுவாக இருக்கும், ஆனால் திறக்கும். உங்கள் பல்கலைக்கழகத்தில் ஓப்பன் ஆன்டிமாண்ட் நிறுவியிருந்தால் மேலே சொன்ன சுரங்க வேலை எதுவும் வேண்டாம். உலாவியில் நுழைந்து, கோரும் நேரமும் தேர்ந்தெடுத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட் நோடின் திரை உலாவிக்குள்ளேயே திறந்துவிடும். இருக்கிறதா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். கண்டிப்பான மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும் சாக்கில் கேட்டால் மன்னிப்பும் சேர்ந்துவிடும்.

இவ்வளவும் சொன்னேனே தவிர, என் சொந்தப் பழக்கம் வேறு. நான் ஃப்ளூயன்ட்டைப் பெரும்பாலும் படமே இல்லாமல்தான் ஓட்டுவேன். தொடங்கும்போது ஜி விருப்பம் கொடுத்தால் சாளரம் திறக்காது, எழுத்துக் கட்டளைக்கு மட்டும் காத்திருக்கும். கேஸ் கோப்பைப் படி, தொடக்க மதிப்பு கொடு, 50 சுற்று ஓட்டு, வாசல் வழியே எத்தனை கிலோ காற்று போகிறது என்று சொல் என ஒவ்வொன்றாகத் தட்டலாம். அலைபேசி இணையத்திலேயே ஓடும். சாளரத்தில் பத்துச் சொடுக்கில் செய்வதை இங்கே ஒரே வரியில் செய்யலாம், அந்த வரி கோப்பில் தங்கும், நாளைக்கு அதையே ஜர்னலாக (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) பேட்ச் வேலைக்குக் கொடுக்கலாம். சாளரத்தில் எங்கே எதைச் சொடுக்கினோம் என்பது மறந்துபோகும். ஆய்வேட்டுத் தேர்வில் 'இந்த மதிப்பை எங்கே மாற்றினீர்கள்' என்று கேட்டால் ஜர்னல் கோப்புதான் துணை.

இப்போது நாற்பதாவது சுற்றில் சிதறும் கணக்குக்கு வருகிறேன். நேரடியாக உட்கார்ந்து பார்க்க வேண்டியது இதைத்தான், எனவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் காற்றை நகர்த்துவது எது? முற்றத்துத் தரைக்கும் ஓட்டுக் கூரையின் உச்சிக்கும் ஆறு மீட்டர் உயரம் என்றும், உள்ளுக்கும் வெளிக்கும் ஐந்து டிகிரி வேறுபாடு என்றும் வைத்துக்கொண்டு, கன மீட்டருக்கு 1.15 கிலோ அடர்த்தியில், 305 கெல்வினில் கணக்குப் போட்டால், சூடான காற்று மேலெழுவதால் உண்டாகும் அழுத்தம் வெறும் 1.1 பாஸ்கல். சுற்றியுள்ள வளிமண்டலமோ 1,01,325 பாஸ்கல். லட்ச ரூபாய்க் கணக்கில் ஒரு ரூபாயைத் தேடுவது போன்றது இது. ஒற்றைத் துல்லிய எண், லட்சத்தின் அருகில் 0.008 பாஸ்கலுக்குக் கீழே வேறுபாடு காட்டாது. பக்கத்துப் பக்கத்து செல்களுக்கிடையே உள்ள வேறுபாடு அதைவிடச் சிறியது. ஃப்ளூயன்ட் வளிமண்டல அழுத்தத்தை ஒதுக்கிவைத்து மீதியை மட்டும் கணக்கிடுவது இதற்காகவே. இருந்தாலும் இது போன்ற கணக்குக்கு இரட்டைத் துல்லியம்தான் சரி. 3டி என்று தொடங்கியிருந்தால் 3டிடிபி என்று மாற்றுங்கள்.

அடுத்து ஈர்ப்பு விசை. அதை இயக்கியிருக்கிறீர்களா? சிரிக்காதீர்கள், இயக்காமல் ஒரு வாரம் ஓட்டியவர்கள் உண்டு. ஈர்ப்பை இயக்கினால் ஆபரேட்டிங் டென்சிட்டி என்று ஒரு மதிப்பு வரும். பூசினெஸ்க் தோராயம் எடுத்திருந்தால், அதாவது அடர்த்தியை மாறிலியாக வைத்து மிதப்பு விசையில் மட்டும் வெப்பத்தைச் சேர்த்தால், ஆபரேட்டிங் டெம்பரேச்சர் வெளிக்காற்றின் வெப்பநிலைக்குச் சமமாக இருக்க வேண்டும். மென்பொருள் தானாக வைத்திருக்கும் 288 கெல்வினை அப்படியே விட்டால், அதாவது 15 டிகிரி, பள்ளத்தூரில் என்றைக்கு 15 டிகிரி அடித்தது? திறந்த வாசலில் இல்லாத ஒரு அழுத்தம் முளைத்து, காற்று தன் போக்கில் பீறிட்டுக் கிளம்பும். கணக்கு சிதறுவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். உங்கள் கணக்குக்கு பூசினெஸ்க் தாராளமாகப் பொருந்தும். ஐந்து டிகிரிக்கு அடர்த்தி மாற்றம் 1.6 சதவீதம்தான். அழுத்தத்தை இடைக்கணிக்கும் முறையில் பிரெஸ்டோ அல்லது பாடி ஃபோர்ஸ் வெயிட்டட், இரண்டில் ஒன்று. தொடக்கத்தில் நூறு சுற்று முதல்படித் துல்லியத்தில் ஓட்டிவிட்டு, நிலைத்தபின் இரண்டாம்படிக்கு மாற்றுங்கள்.

கொந்தளிப்பு இருக்குமா என்ற ஐயமே வேண்டாம். இதே உயரத்துக்கும் வெப்ப வேறுபாட்டுக்கும் மிதப்பின் வலிமையைக் காட்டும் ராலே எண் ஏறத்தாழ 9,400 கோடி வருகிறது. நூறு கோடியைத் தாண்டினாலே ஓட்டம் கொந்தளிக்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவது சந்தேகம் மெஷ். பர்மா தேக்குத் தூணின் போதிகை வேலைப்பாடு, நிலைக்கதவின் செதுக்கல், கஜலட்சுமி எல்லாவற்றையும் வடிவத்தில் கொண்டுவந்திருக்கிறீர்களா? வீட்டின் மேல் உள்ள பாசம் புரிகிறது. ஆனால் அந்தச் செதுக்கல்களின் இடுக்கில்தான் நசுங்கிய செல்கள் ஒளிந்திருக்கும். தூணை வெறும் உருளையாக்குங்கள், காற்றுக்கு லட்சுமி தெரியாது. செல்லின் வடிவம் எவ்வளவு ஒழுங்கு என்று காட்டும் ஆர்த்தகோனல் குவாலிட்டி 0.1க்குக் கீழே எத்தனை செல் இருக்கிறது என்று நேரடி அமர்வில் கேட்டுப் பாருங்கள். அவை எங்கே இருக்கின்றன என்று நிறமிட்டுக் காட்டும். இது ஒன்றுக்காகவாவது விஎன்சி தேவை.

மூன்றாவது, முற்றத்தின் மேல் திறப்பிலேயே எல்லையை வைத்திருந்தால், திரையில் 'ரிவர்ஸ்டு ஃப்ளோ' என்ற எச்சரிக்கை ஆயிரக்கணக்கான முகங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். முற்றத்தில் காற்று ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும், அது இயல்பு. வெளியேறும் வாய் என்று நீங்கள் எழுதிய இடத்தில் அது உள்ளேயும் வர விரும்புகிறது. எல்லையை வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். காற்று வரும் பக்கமும் இரு ஓரங்களிலும் மேலேயும் வீட்டு உயரத்தைப் போல் ஐந்து மடங்கு, போகும் பக்கம் பதினைந்து மடங்கு என்பது கட்டடக் காற்றோட்டக்காரர்கள் கடைப்பிடிக்கும் அளவு. 60 லட்சம் செல்லும் வீட்டுக்குள்ளேயே என்றால் வெளியே எதுவும் மிஞ்சாது. உள்ளே குறைத்து வெளியே கொடுங்கள்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் ரெசிடுவல் கோடு (ஒவ்வொரு சுற்றிலும் மிஞ்சும் பிழையின் அளவு) ஒரு கட்டத்துக்கு மேல் இறங்காமல் ரம்பம் போல ஆடலாம். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். முற்றத்தின் வெப்பக் காற்று நிஜமாகவே ஒரே நிலையில் நிற்பதில்லை, அசைந்துகொண்டுதான் எழும். நிலையான தீர்வைக் கேட்டால் மென்பொருள் எங்கிருந்து தரும்? காலத்தோடு மாறும் கணக்காக மாற்றி, முகப்பு வாசலில் நுழையும் காற்றின் அளவைச் சராசரி எடுங்கள். ரெசிடுவலைப் பார்ப்பதைவிட, முகப்பு வாசலில் நுழைவதும் முற்றத்தில் வெளியேறுவதும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது மேல்.

பரும் மெஷ்ஷில் இவை ஒழுங்கானபின், பெரிய மெஷ்ஷை எஸ்பேட்ச்சில் போடுங்கள். பார்த்துக்கொண்டே ஓட்டும் ஆசையை இங்கேயும் ஓரளவு தீர்த்துக்கொள்ளலாம். ஃப்ளூயன்ட் ஒவ்வொரு சுற்றிலும் 'செக்-ஃப்ளூயன்ட்' என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அந்த நேரத்து நிலையைச் சேமித்துவிட்டுத் தொடர்ந்து ஓடும். 'எக்சிட்-ஃப்ளூயன்ட்' என்ற கோப்பைக் கண்டால் சேமித்துவிட்டு நின்றுவிடும். அது பழக்கமாகத் தேடும் இடம் கம்ப்யூட் நோடின் தற்காலிக அடைவு. உங்களுக்கு அது கைக்கெட்டாது. ஜர்னலின் தொடக்கத்திலேயே தேடும் இடத்தை உங்கள் வேலை அடைவுக்கு மாற்றி எழுதிவிடுங்கள். பிறகு லாகின் நோடிலிருந்தே ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, ஓடும் கணக்கை நிறுத்தலாம். நான்கு மணி நேர வரம்பு உள்ள வரிசையில், மூன்று மணி நாற்பத்தைந்து நிமிடம் ஆனதும் அந்த எக்சிட் கோப்பைத் தானே உருவாக்கும் வரியை வேலைக் கோப்பிலேயே பின்னணியில் போட்டுவைப்பேன். அணைக்கும் முன் குழம்பை இறக்கிவிடலாம். ஓப்பன்ஃபோம் என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இது இன்னும் எளிது. கட்டுப்பாட்டுக் கோப்பில் நிற்கும் நிபந்தனையை 'ரைட்நவ்' என்று ஓடும்போதே திருத்தினால், எழுதிவிட்டு நின்றுகொள்ளும்.

பல நோடுகளில் ஓட்டும்போது, கிடைத்த நோடுகளின் பெயர்ப்பட்டியலை சிஎன்எஃப் விருப்பத்தில் கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால், 96 கோர் கேட்டிருந்தால், அந்த 96 செயல்களும் முதல் நோடிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், மற்ற நோடுகள் காற்று வாங்கும். உரிமத்தையும் நினைவில் வையுங்கள். விஎன்சியில் ஃப்ளூயன்ட்டைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் உரிமம் உங்களிடமே இருக்கும், பல்கலைக்கழகம் முழுவதற்கும் எண்ணிக்கை சில பத்துதான் இருக்கும்.

முடிவுகளைப் பார்க்க ஃப்ளூயன்ட்டையே திறக்க வேண்டியதில்லை. பாராவியூ என்னும் படமாக்கும் மென்பொருளின் சர்வரை கம்ப்யூட் நோடில் ஓடவிட்டு, 11111ஆம் போர்ட்டுக்கு அதே போலச் சுரங்கம் போட்டு, உங்கள் மடிக்கணினியில் உள்ள பாராவியூவிலிருந்து இணையலாம். இரண்டு பக்கமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கைகுலுக்கவே மறுக்கும். கோப்பை வீட்டுக்கு இறக்கித்தான் பார்ப்பேன் என்றால், பள்ளத்தூர் இணையத்தில் ஒரு பெரிய டேட்டா கோப்பு இறங்கி முடிவதற்குள் ஒரு மதியத் தூக்கம் போட்டுவிடலாம்.

மின்வெட்டு பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். லாகின் நோடில் நுழைந்ததும் 'டீமக்ஸ்' திறந்து, அதற்குள்ளேயே எஸ்அலாக் கொடுங்கள். வீட்டில் மின்சாரம் போனாலும் அந்த அமர்வு அங்கே உயிரோடு இருக்கும். மின்சாரம் வந்ததும் மறுபடி இணைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வேலை முடிந்ததும் அமர்வை விட்டு வெளியேறி இடத்தைத் திருப்பிக் கொடுங்கள். மூடாமல் வந்தால் நேரம் முடியும்வரை கணக்கு ஏறும். 'செஃப்' என்ற கட்டளை உங்கள் கிளஸ்டரில் இருந்தால், முடிந்த வேலையின் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். கேட்ட நினைவகத்தில் எவ்வளவு பயன்பட்டது, கோர்கள் எவ்வளவு நேரம் உண்மையில் உழைத்தன என்று ஐந்தொகை போட்டுத் தரும். 64 ஜிபி கேட்டு 9 ஜிபி பயன்படுத்தியிருந்தால் அடுத்த முறை 12 போதும், வரிசையும் குறையும்.

உங்கள் கல்லூரி வழியாக விண்ணப்பிக்க முடிந்தால், திருச்சி என்.ஐ.டி.யில் 2022இல் நிறுவப்பட்ட பரம் பொருள் என்னும் சூப்பர் கணினி பக்கத்திலேயே இருக்கிறது. 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் போடும் திறன் கொண்டது. உங்கள் வீட்டுக்கு அதில் ஒரு மூலை போதும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். முகப்பிலிருந்து பின்கட்டுவரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும் வீடு உங்களுடையது. நீங்கள் எல்லாக் கதவையும் திறந்ததாக வைத்துக் கணக்கிட்டிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் பாதி வீடுகள் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்து கல்யாணத்துக்குத்தான் திறக்கின்றன. உங்கள் ஆயா அங்கேயே வசிக்கிறார் என்றால் மதியம் 2 மணிக்கு எந்தக் கதவைச் சாத்துவார், எதைத் திறந்து வைப்பார் என்று கேளுங்கள். அந்த நேரத்தில் முற்றத்தின் ஓரம் சாம்பிராணி ஒன்றைப் புகையவிட்டு, புகை பட்டாலைப் பக்கம் சாய்கிறதா, இரண்டாம் கட்டுப் பக்கம் போகிறதா என்று பாருங்கள். ஒரு வெப்பமானியைத் தரையிலும் இன்னொன்றைக் கூரையடியிலும் கட்டி, நான் மேலே சும்மா வைத்துக்கொண்ட ஐந்து டிகிரி அங்கே எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை எல்லை நிபந்தனையில் எழுதியபின் 8 கோருக்கு விண்ணப்பம் போடலாம்.